சிவப்பு மையில் போன 160 மணி நேரம்

தமிழாசிரியராகச் சேர்ந்த முதல் வருடம் எனக்கு நான்கு பிரிவுகள் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பில் இரண்டு, ஒன்பதில் இரண்டு. பிரிவுக்கு 40 பேர் என்றால் மொத்தம் 160 கட்டுரை நோட்டுகள். ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்து, பிழை திருத்தி, ஓரத்தில் இரண்டு வரி எழுதி, மதிப்பெண் போட எனக்குப் பத்து நிமிடம் ஆகும். ஒரு சுற்றுக்கு 1600 நிமிடம், கிட்டத்தட்ட 27 மணி நேரம். அந்த வருடம் ஆறு கட்டுரைகள் எழுதவைத்தேன். ஆக 160 மணி நேரம். எல்லாம் பள்ளி விட்ட பிறகு, ராத்திரியில், சனி ஞாயிறில். கழுத்து வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே திருத்திய நாட்கள் உண்டு. அதில் பெரும்பகுதி வீண் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோரும் கட்டுக் கட்டாகத் திருத்திக்கொண்டுதான் இருந்தார்கள். இதுதான் வேலை போலிருக்கிறது என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். ஆசிரியர் பயிற்சியில் பாடக்குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பிள்ளை எழுதிய மோசமான பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் பாடவேளையை நான் ஆவலோடு எதிர்பார்ப்பேன். ஓரத்தில் அவ்வளவு எழுதியிருக்கிறேனே, படித்துவிட்டு யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று. முதல் சுற்றில் நடந்தது இதுதான்: நோட்டு கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்கள், எண்ணைப் பார்த்தார்கள், பக்கத்தில் இருப்பவனின் எண்ணைப் பார்த்தார்கள், மூடிப் பைக்குள் போட்டார்கள். மொத்த வகுப்புக்கும் நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பையனிடம், "நான் என்ன எழுதியிருக்கேன்னு படிச்சியா?" என்று கேட்டேன். "படிச்சேன் ஐயா, பதினொன்னு" என்றான். கேலியாகச் சொல்லவில்லை. நான் எழுதியவற்றில் அவனுக்குச் செய்தியாகப் பட்டது அந்தப் பதினொன்று மட்டும்தான். அடுத்த கட்டுரையில் அவன் அதே பிழைகளை அதே இடங்களில் செய்திருந்தான். நானும் சளைக்காமல் அதே குறிப்புகளை அதே இடங்களில் எழுதினேன்.

மனசு உடைந்தது மூன்றாவது கட்டுரையில். ஒரு மாணவியின் கட்டுரை எனக்குப் பிடித்திருந்தது. நல்ல சங்கதி, ஆனால் வாக்கியங்கள் கோணல் மாணலாக இருந்தன. அன்று ராத்திரி உற்சாகத்தில் முழுவதையும் திருத்தினேன். வாக்கியங்களை உடைத்தேன், சொற்களை மாற்றினேன், முடிவைப் புதிதாகவே எழுதினேன். அவள் அதைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள், காலை வணக்கக் கூட்டத்தில் வாசித்தாள், கைதட்டல் வாங்கினாள். தலைமையாசிரியர் என் முதுகில் தட்டினார். வகுப்புக்குத் திரும்பும் வழியில் அவள் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது: "நான் எங்கடி எழுதினேன், அது ஐயா எழுதினது." அவள் குரலில் பெருமை இல்லை. அவள் தன் கட்டுரையைத் தொலைத்திருந்தாள், அதை எடுத்துக்கொண்டவன் நான். அதன் பிறகு வந்த மூன்று கட்டுரைகளிலும் அவள் மனசு வைத்து எழுதவில்லை. எழுதினால் எப்படியும் இவர் மாற்றிவிடுவார் என்று விட்டுவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

கோடை விடுமுறையில் உட்கார்ந்து தேடிப் படித்தபோதுதான் இதெல்லாம் பலரும் முன்பே விழுந்த குழி என்று தெரிந்தது. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் மாணவர்களை மூன்று வகையாகப் பிரித்தார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்குக் குறிப்பால் பலன் கிடைக்கவில்லை. எண் குறிப்பைத் தின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நான்கு நிமிடத்தில் என் பிள்ளைகள் எனக்குக் காட்டியது இதைத்தானே.

அடுத்த வருடம் செய்த முதல் மாற்றம், முதல் வரைவுக்கு எண் கிடையாது என்பது. பள்ளிக்கு எண் வேண்டும், அதை இரண்டாம் வரைவுக்குப் போட்டுக்கொள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. இரண்டாவது, ஒரு நோட்டுக்கு ஒரே ஒரு குறிப்பு, அதுவும் கேள்வியாக. முன்பெல்லாம் நான் எழுதியது "நன்று, இன்னும் விரிவாக எழுதவும்", "கருத்துத் தெளிவு தேவை" என்ற ரகம். இதைப் படிக்கும் பிள்ளை அடுத்து என்ன செய்யும்? எதை விரிவாக எழுதும்? இப்போது இப்படி எழுதுகிறேன்: "பாட்டிக்குக் கோபம் வந்தது என்கிறாய். அப்போது அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது?" இதற்கு அவனால் பதில் சொல்ல முடியும். பதில் சொன்னால் தானாகவே இரண்டு வரி சேரும். கேள்வி எழுத மூன்று நிமிடம் போதும். குறிப்பு எழுதி முடித்ததும் ஒரு முறை நீங்களே அந்தப் பிள்ளையாக இருந்து படித்துப் பாருங்கள். இதை வைத்துக்கொண்டு உடனே பேனாவை எடுக்க முடியுமா என்று. முடியவில்லை என்றால் அந்தக் குறிப்பை எழுதிய நேரம் போனதுதான்.

பிழை விஷயத்துக்கு வேறு வழி பிடித்தேன். ரிச்சர்ட் ஹாஸ்வெல் என்ற கல்லூரிப் பேராசிரியர் 1983இல் எழுதிய யோசனை இது: பிழையைத் திருத்தாதே, அடிக்கோடும் போடாதே, பிழை உள்ள வரிக்கு நேராக ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடு, எழுதியவரே தேடட்டும். அவருடைய மாணவர்கள் பாதிக்கு மேற்பட்ட பிழைகளைத் தாங்களே கண்டுபிடித்துவிட்டார்கள். நான் ஒரு புள்ளி வைத்தேன். பத்து நிமிடம் கொடுத்தால் என் வகுப்பும் ஏறக்குறைய பாதியைப் பிடித்துவிடுகிறது. "பள்ளிக்கு சென்றேன்" என்று எழுதியவன் அந்த வரியை நான்கு தடவை உதடசைத்துப் படித்துவிட்டு, "ஐயா, இதுல ச் வரணுமா?" என்று கேட்கும்போது அந்தப் பிழை அவனுடையதாகிவிடுகிறது. இதில் எனக்கு இன்னொரு லாபமும் இருந்தது. தாங்களே பிடித்தவை கவனக்குறைவு. புள்ளி வைத்தும் பிடிக்க முடியாதவை உண்மையிலேயே தெரியாதவை. எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற பட்டியல் எனக்குத் தானாகக் கிடைத்தது. ஒற்றுப்பிழையில் பட்டியல் மிக நீளமாக இருக்கும் என்று பயந்திருந்தேன். பார்த்தால், 'அந்த, இந்த, எந்த'வுக்குப் பின் வல்லினம் மிகும், 'ஐ', 'கு' என்ற வேற்றுமை உருபுகளுக்குப் பின் மிகும் என்ற இரண்டையும் பிடித்துக்கொண்டாலே என் பிள்ளைகளின் ஒற்றுப்பிழைகளில் பெரும்பங்கு ஓய்ந்துவிட்டது. வல்லினம் மிகும் இடங்கள், மிகா இடங்கள் என்று நீண்ட பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யவைத்த நாட்களை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

கூச்சம் என்று சொன்னதும் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் நான் யோக்கியன் மாதிரி ஆகிவிடும். அந்த முதல் வருடத்தில் ஒரு பையனின் கட்டுரையை வகுப்பில் சத்தமாக வாசித்தேன். 'நான் ஒரு மரமானால்' என்ற தலைப்பு. அவன் அபத்தமாக எழுதியிருந்தான். மரம் ஓடுகிறது, பறக்கிறது, வேண்டாத ஆசிரியர்களின் தலையில் விழுகிறது. நான் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நக்கல் சேர்த்தேன். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. அவனும் சிரித்தான், அதனால் பாதகமில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவன் எந்தக் கட்டுரையும் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. தப்பே இல்லாத, உயிரே இல்லாத ஏழெட்டு வரி. ஏன் என்று எனக்கு உறைக்க ஐந்து மாதம் பிடித்தது. நாற்பது பேர் எழுதிய மரங்களில் ஓடியதும் பறந்ததும் அவனுடையது மட்டும்தான். மற்ற முப்பத்தொன்பதும் நிழல் தந்தன, கனி தந்தன, மழை தந்தன. தனியாகக் கூப்பிட்டு, "அன்னைக்கு நான் செஞ்சது தப்புப்பா" என்றேன். "பரவாயில்ல ஐயா" என்றான். பரவாயில்லை என்று அவன் முகம் சொல்லவில்லை.

வகுப்பில் காட்டுவதற்கு மோசமான எழுத்து வேண்டுமென்றால் நானே எழுதிக்கொண்டு போகிறேன். இது சும்மா சொல்லும் சமாதானம் இல்லை, இதனால்தான் எனக்கு மிகப் பெரிய திருப்பமே வந்தது. ஒரு நாள் கரும்பலகையில் அவர்கள் கண் முன்னாலேயே ஒரு பத்தி எழுத ஆரம்பித்தேன், தயாரிப்பு எதுவும் இல்லாமல். முதல் வாக்கியம் எழுதினேன், அடித்தேன். மறுபடி எழுதினேன், பாதியில் நின்றேன். என்ன எழுதுவது என்று உண்மையிலேயே தெரியாமல் சாக்பீஸோடு நின்றுகொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஐயாவுக்கே வரலையா?" வகுப்பில் ஒரு மாதிரியான அமைதி. எழுதத் தெரிந்தவர்களுக்கு முதல் தடவையிலேயே எல்லாம் கச்சிதமாக வந்து விழும், தங்களுக்கு அப்படி விழாததால் தங்களுக்கு எழுத வராது என்று அந்தப் பிள்ளைகள் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தில் அச்சில் இருப்பதை மட்டும் பார்த்த பிள்ளை வேறு எப்படி நினைக்கும்? அடித்தல் திருத்தலோடு ஒரு பெரியவர் தடுமாறுவதை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை.

திருத்தி எழுதுவது என்றால் என்ன என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் பெரிய பேச்சுக் குழப்பம் இருந்தது. "திருத்தி எழுதிக்கொண்டு வா" என்பேன். மறுநாள் அதே கட்டுரை, அதே சொற்கள், அழகான கையெழுத்தில், மார்ஜின் கோடு போட்டு வரும். அவர்கள் ஏமாற்றவில்லை. திருத்துவது என்றால் பிழை நீக்கிச் சுத்தப் பிரதி எடுப்பது என்றே அவர்களுக்குத் தெரியும். நான்சி சோமர்ஸ் என்ற ஆசிரியை 1980இல் எழுதிய ஒரு கட்டுரையில் மாணவர்களையும் அனுபவமுள்ள எழுத்தாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மாணவர்களுக்குத் திருத்தம் என்பது சொல்லை மாற்றுவது. அனுபவசாலிகளோ தாங்கள் என்ன சொல்ல வருகிறோம் என்பதையே திருத்தும்போதுதான் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் "திருத்து" என்ற சொல்லையே நான் விட்டுவிட்டேன். அதற்குப் பதில் ஒரு தடவைக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். முதல் பத்தியை முழுதாக அடித்துவிட்டு இரண்டாவதிலிருந்து படி. கட்டுரைக்கு ஏதாவது நஷ்டமா என்று பார். பத்தில் ஏழெட்டுக் கட்டுரைகளுக்கு நஷ்டம் இருக்காது, ஏனென்றால் அந்த முதல் பத்தி "மனித வாழ்வில் இன்றியமையாதது" என்று தொடங்கும் முன்னுரை. அடுத்த நாள் இன்னொரு வேலை: உன் கட்டுரையில் உனக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயம் எந்த வரியில் இருக்கிறது? அதற்கு வட்டம் போடு. வட்டம் போட ஒன்றுமே இல்லை என்றால் அதை முதலில் தேடு. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதவைப்பதும் முக்கியம். இடம் இருந்தால்தான் கை போகும். பக்கத்தை நெருக்கி எழுதிய பிள்ளை, மாற்ற வேண்டும் என்று தெரிந்தாலும் மாற்றாது. இரண்டு வரைவுகளுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நாள் இடைவெளி விடுவேன். நேற்று எழுதியதில் பிழை தெரியாது. நாலு நாள் கழித்தால் அது வேறு யாரோ எழுதியது போல் தெரியும்.

வாக்கியப் பயிற்சியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று குட்டி வாக்கியங்கள் கொடுப்பேன்: மழை பெய்தது. சிறுவன் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டான். அவன் சிரித்தான். இவற்றை ஒன்றாகச் சேர். ஒருத்தி, "மழையில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட சிறுவன் சிரித்தான்" என்று எழுதினாள். இன்னொருவன், "சிரித்துக்கொண்டே சிறுவன் மழையில் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டான்" என்றான். இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். அரை மணி நேரம் ஓடியது. முதலாவதில் சிரிப்பு திடுக்கென்று வருகிறது. இரண்டாவதில் அவன் வேண்டுமென்றே தவறவிட்டது போல் இருக்கிறது என்றார்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வந்து உட்காருவதால் கனம் அங்கே இறங்குகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். பெயரெச்சம், வினையெச்சம் என்று நான் தனியாக நடத்தியபோது தேர்வுக்கு எழுதினார்கள், கட்டுரையில் ஒரு நாளும் பயன்படுத்தவில்லை. ஸ்டீவ் கிரஹாம், டோலோரஸ் பெரின் இருவரும் 2007இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இதையேதான் கண்டார்கள்: திட்டமிடவும் திருத்தவும் வழிமுறைகளைச் சொல்லிக்கொடுத்தது நன்றாகப் பலன் தந்தது, வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி உதவியது, இலக்கணத்தை மட்டும் தனியே நடத்தியது எழுத்தை மேம்படுத்தவில்லை. அது பெரும்பாலும் ஆங்கிலம் எழுதும் பிள்ளைகளைப் பற்றியது, தமிழுக்கு அப்படியே பொருந்துமா என்று வாதம் செய்யலாம். என் நோட்டுக் கட்டு பொருந்தும் என்றுதான் சொல்கிறது.

இப்போது இலக்கியம். இங்கேயும் நான் செய்த தப்பு அதே தப்புதான், சிவப்பு மைக்குப் பதில் வாயால் செய்தேன். பாடலைப் படிப்பேன், பதம் பிரிப்பேன், பொருள் சொல்வேன், நயம் சொல்வேன், நாற்பது நிமிடமும் நானே உருகுவேன். அப்புறம் நயம் பாராட்டி எழுதச் சொன்னால் எல்லாரும் "காட்டுக்கு யானை, பாட்டுக்கு மோனை" என்று ஆரம்பித்து, மோனைக்கு ஒரு வரி, எதுகைக்கு ஒரு வரி, இயைபு, அணி, சந்தம் என்று தட்டுத் தட்டாக அடுக்கி, "கவிஞர் மிக அருமையாகப் பாடியுள்ளார்" என்று முடிப்பார்கள். பாடலை மாற்றினாலும் விடை மாறாது. ஒரு தடவை சோதித்தே பார்த்தேன்: போன மாத விடையில் பாடலின் வரிகளை மட்டும் மாற்றி இந்த மாதம் எழுதியிருந்தான் ஒருவன். நான் அதற்கு முழு மதிப்பெண் வேறு போட்டிருந்தேன்.

கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் 1920களில் செய்த காரியம் ஒன்று உண்டு. கவிஞரின் பெயரையும் காலத்தையும் மறைத்துவிட்டுக் கவிதையை மட்டும் மாணவர்களிடம் கொடுத்தார், என்ன தோன்றுகிறதோ எழுதச் சொன்னார். 1929இல் அதை நூலாகவும் போட்டார். படித்த பிள்ளைகளே தடுமாறினார்கள்; கவிதையில் இருப்பதை விட்டுவிட்டுத் தங்கள் மனதில் ஏற்கெனவே தயாராக இருந்ததை எழுதினார்கள். அந்தத் தடுமாற்றம்தான் எனக்கும் வேண்டியிருந்தது, நான் முந்திக்கொண்டு துடைக்காத தடுமாற்றம். புறநானூற்றின் 112ஆம் பாடலைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். திணை, துறை, பாடியவர் எதுவும் இல்லை. அருஞ்சொல் மட்டும் நான்கைந்து.

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்
எந்தையும் உடையேம் எம் குன்றும் பிறர் கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவின்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார் யாம் எந்தையும் இலமே

ஐந்தே வரி. கேள்வியும் இரண்டே: என்ன பார்க்கிறாய், எது மாறியிருக்கிறது. நயம் என்ற சொல்லை நான் எடுக்கவே இல்லை. முதல் பத்து நிமிடம் கொடுமையாக இருந்தது. ஒன்றும் வரவில்லை, எனக்கு வாய் துறுதுறுத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் போய் நின்றேன். அப்புறம் ஒருவன், "நிலா ரெண்டு தடவை வருது ஐயா, அதே நிலா" என்றான். இன்னொருவன், "அற்றை, இற்றை, அவ், இவ்" என்றான். மேலே 'பிறர்' என்று இருந்தது கீழே 'வேந்தர்' என்று ஆகியிருப்பதை யாரோ பார்த்தார்கள். ஒரு மாணவி சொன்னதை நான் இத்தனை வருடப் படிப்பில் கவனித்ததில்லை: "முதல்ல அப்பா, அப்புறம் மலை. கீழ முதல்ல மலை, அப்புறம்தான் அப்பா. மாத்தி இருக்கு." ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாததைக் கடைசியா சொல்றாங்க ஐயா" என்றாள். அதற்குப் பிறகுதான் பாரியின் கதையைச் சொன்னேன், பாடியவர்கள் அவனுடைய மகள்கள் என்று சொன்னேன். அதை முதலில் சொல்லியிருந்தால் கதையைத்தான் விடையில் எழுதியிருப்பார்கள். இது நடந்து நாலு நாள் கழித்து ஒரு கட்டுரையில், நாய் செத்துப்போனதைக் கடைசி வரியின் கடைசிச் சொல்லில் வைத்திருந்தான் ஒருவன். "அழுதேன்" என்று எங்கேயும் எழுதவில்லை. எங்கே கற்றான் என்று நான் கேட்கவில்லை.

பார்த்ததை எழுத்தாக்குவது தனி வேலை. பிள்ளைகள் மேற்கோளை எடுத்து நட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அதற்கு நான் கேட்டது ஒரே கேள்வி: "அதனால் என்ன?" நிலா இரண்டு தடவை வருகிறது, சரி, அதனால் என்ன? நிலா மாறவில்லை, இவர்கள் வாழ்க்கை மாறிவிட்டது. சரி, அதனால் என்ன? இரண்டு தடவை கேட்டால் ஒரு பத்தி வந்துவிடும். கூடவே அருமை, அழகு, சிறப்பு என்ற மூன்று சொற்களுக்கும் தடை போட்டேன். ஒரு எச்சரிக்கை: இதையும் நான் கெடுத்தேன். உற்சாகத்தில் 'கருத்து, சான்று, விளக்கம்' என்று சுவரில் எழுதி ஒட்டினேன். ஆறே வாரத்தில் எல்லா விடைகளும் "இவ்வரியின் மூலம் கவிஞர்" என்று ஒரே அச்சில் வர ஆரம்பித்தன. பழைய யானை போய்ப் புதிய யானை வந்துவிட்டது. தாளைக் கிழித்துப் போட்டேன். தொடக்கத்தில் தடுமாறும் பிள்ளைக்கு அந்தச் சட்டகம் கைத்தடி, அதற்கு மட்டும் கொடுக்கலாம். நடக்கத் தெரிந்தவனுக்கும் கொடுத்தால் அவனும் நொண்டுவான்.

வெளியிலிருந்து வரும் தொல்லைக்கும் தயாராக இருங்கள். நோட்டில் சிவப்பு மை குறைந்ததும், ஆசிரியர் திருத்துவதே இல்லை என்று பெற்றோர் வந்து நின்றார்கள். நோட்டு ஆய்வில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட முடியவில்லை. நான் செய்தது, ஒவ்வொரு பிள்ளையும் முதல் வரைவு, இரண்டாம் வரைவு இரண்டையும் சேர்த்துக் குத்தி வைக்க வேண்டும் என்று ஆக்கியதுதான். வந்தவரிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அதற்கு மேல் பேச வேண்டியிருக்கவில்லை. இதை முதல் வாரத்திலிருந்தே செய்துவிடுங்கள், புகார் வந்த பிறகு தேடினால் தாள் கிடைக்காது. இந்த இணைத்த தாள்கள் இப்போது இன்னொன்றுக்கும் உதவுகின்றன. வீட்டில் எழுதி வரச் சொன்னால் பாதிப் பேர் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் வாங்கி வந்துவிடுகிறார்கள்; பிழையே இல்லாமல், யாருடைய பாட்டியும் இல்லாமல். துப்பறிந்து பிடிக்கிற வேலையில் நான் இறங்கவில்லை. முதல் வரைவு வகுப்பில், கையால், என் முன்னால். அதிலிருந்து வளராத இரண்டாம் வரைவுக்கு எண் கிடையாது. அவ்வளவுதான்.

இதெல்லாம் எல்லாருக்கும் வேலை செய்கிறது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு பிரிவிலும் புள்ளி வைத்தாலும், கேள்வி கேட்டாலும், பக்கத்தில் போய் உட்கார்ந்தாலும் எழுதாத மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். சிலருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரவில்லை என்று தாமதமாகத் தெரிந்தது. அவர்கள் முதலில் வாயால் சொல்லட்டும், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும் என்று இப்போது முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். இந்த வருடம் ஒரு சுற்றுக்கு எனக்கு எட்டு மணி நேரம்தான் ஆகிறது. மிச்சமான நேரத்தில் பெரும்பகுதியை அந்த மூன்று நான்கு பேருக்கு வைத்திருக்கிறேன்.

மரம் எழுதிய பையன் அடுத்த வருடமும் என் வகுப்பில்தான் இருந்தான். கடைசிப் பருவத்தில் ஒரு நாள் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான், பாதிக்கு மேல் அடித்தல். நோட்டை மேசையில் வைத்துவிட்டு, "வகுப்புல வாசிக்காதீங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். ஏழாவது வரிக்கு நேராக ஒரு புள்ளி வைத்தேன். பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி எழுதினேன். மற்றவர்கள் வருவதற்குள் நோட்டை அவன் பைக்குள் வைத்துவிட்டேன்.